வரவு இடாப்பும் ஒரு கையெழுத்தும்

பாடசாலையொன்றில் எழுதப்படும் எழுத்துக்கள் யாவற்றிலும் மிகச் சிறியது வரவு இடாப்பில் இடப்படும் குறி. காலை மணி அடித்துப் பத்து நிமிடத்துக்குள் அது இடப்பட்டுவிடும். முப்பத்திரண்டு ஆண்டுகள் அக்குறியை நானே இட்டும், பின்னர் பிரதி அதிபர் என்ற முறையில் பிறர் இட்டதைச் சரிபார்த்தும் வந்தவன் நான். ‘வரவில்லை’ என்ற குறிக்குப் பின்னால் காய்ச்சல் இருக்கும். கலியாண வீடு இருக்கும். மார்கழி மாதத்து வெள்ளம் இருக்கும். சில வேளை கழுவிப் போட்ட ஒரே வெள்ளைச் சட்டை காயாமல் கொடியில் தொங்கும். இவற்றையெல்லாம் இடாப்பு அறியாது. எல்லாவற்றுக்கும் அது ஒரே குறியைத்தான் வைத்திருக்கின்றது.

அக்குறியை இடுவதற்கு என் கை தயங்கிய காலம் ஒன்று வந்தது. அதைப் பற்றியே இங்கே எழுத எண்ணுகின்றேன். கல்முனையில் அக்காலத்தை வாழ்ந்து கழித்த ஆசிரியர் பலருக்கு இதில் புதுமை இராது. ஆயினும் அன்று நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் விட்ட சில விடயங்களை இன்றாவது பேசலாமென்று தோன்றுகின்றது.

கொவிட் நோய் நாட்டிலே பரவத் தொடங்கியதும், 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. நான்கு மாதங்கள் சென்று, ஜூலை 6ஆந் திகதி பரீட்சை வகுப்பு மாணவர்க்கு மாத்திரம் கதவு திறந்தது. கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் நோய் கண்டதும் ஒரு வாரத்தில் மீண்டும் மூடியது. ஆகஸ்டில் திறந்தது; ஒக்டோபரில் மினுவாங்கொடையிலிருந்து எழுந்த அலையோடு மறுபடியும் மூடியது. திறப்பதும் மூடுவதுமாகவே அவ்வாண்டு கழிந்தது. எங்கள் கரையோரம் அதுவரை பெரும்பாலும் தப்பியே இருந்தது. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொடங்கிய தொற்று வடக்கு நோக்கி ஊர் ஊராக நடந்து வந்தது. டிசம்பர் 28ஆந் திகதி இரவு கல்முனையில் செயிலான் வீதிக்கும் வாடி வீட்டு வீதிக்கும் இடைப்பட்ட பகுதி தனிமைப்படுத்தப்பட்டது.

எங்கள் ஊரை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெரு. அத்தெருவுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில், ஒரு வீட்டின் சுவரிலே அடுத்த வீட்டின் கூரை சாய்ந்திருக்கும்படியாக மக்கள் வாழ்கின்றார்கள். மெதடிஸ்த மிஷனும் கத்தோலிக்க சபையும் முஸ்லிம் கல்விமான்களும் எழுப்பிய பெரிய பாடசாலைகள் இந்த ஒரே ஊருக்குள் நடை தூரத்தில் நிற்கின்றன. மருதமுனையில் தறி, சாய்ந்தமருதில் தோணி, கல்முனை பஜாரில் கடை. ‘ஒருவருக்கொருவர் ஒரு மீற்றர் விலகி நில்லுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, ‘விலகி நிற்க நிலம் எங்கே?’ என்று யாரோ ஒரு மூதாட்டி கேட்டதாக ஊரிலே சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்புக்குரிய பேச்சல்ல அது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

2021 ஜனவரி 11இல், மேல் மாகாணமும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளும் நீங்கலாக நாட்டின் ஏனைய பாடசாலைகள் திறக்கப்பட்டன. எங்கள் பகுதித் தடை தளர்ந்து எங்கள் கதவும் திறப்பதென்று ஆனபோது, முன் டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. அது மார்ச் முதலாந் திகதிக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

திறப்பதற்கு முதல் வாரம் பாடசாலை அபிவிருத்திக் குழு கூடியது. கூட்டத்தில் இரண்டு குரல்கள் எழுந்தன. ‘பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?’ என்றது ஒன்று. ‘பாடம் முடியாமல் பிள்ளை பரீட்சையில் தவறினால் யார் பொறுப்பு?’ என்றது மற்றது. இரண்டு குரல்களிலும் ‘பொறுப்பு’ என்ற ஒரே சொல்லே ஒலித்தது. திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம் என்ற அந்த நிலையில், பயந்த மனிதர்கள் என்ன செய்வார்களோ அதையே நாங்களும் செய்தோம். ஒரு கடிதம் தயாரித்தோம். தயாரித்தோமென்று பன்மையிலே மறைந்துகொள்ள விரும்பவில்லை. வாசகத்தை எழுதியவன் நானே. ‘எனது பிள்ளையை எனது சொந்த விருப்பத்தின் பேரிலேயே பாடசாலைக்கு அனுப்புகின்றேன். அதனால் நேரக்கூடிய எவ்விதப் பாதிப்புக்கும் பாடசாலையோ அதன் அதிபர், ஆசிரியர்களோ பொறுப்பாக மாட்டார்கள்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. மேலிடத்திலிருந்து இப்படியொரு கடிதம் வாங்கும்படி எவரும் எங்களைப் பணிக்கவில்லை. நாங்களாகவே செய்துகொண்டது.

பெற்றோர் பலர் வாசித்தும் வாசியாமலும் கையெழுத்திட்டுத் தந்தார்கள். பதினோராந் தரத்தில் படித்த ஒரு பெண்பிள்ளையின் தகப்பன் மாத்திரம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கடலுக்குப் போகும் மனிதர். வீட்டிலே மனைவியின் தாயார் நீரிழிவும் இளைப்புமாகப் படுத்திருந்தார்.

“சேர், நான் இதில கையெழுத்துப் போடுறன். நீங்க எதில போடுவீங்க?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “நான் எதில் போட வேண்டும், தம்பி?” என்றேன்.

“புள்ளைக்கு ஒண்டு நடந்தா நான் பொறுப்பெண்டு எழுதிரிக்கி. சரி. ஜன்னலத் தொறந்து வெப்பம், தண்ணி வெப்பம், ஆருக்கும் வருத்தம் கண்டா அண்டைக்கே எங்களுக்குச் சொல்லுவம் எண்டு நீங்க எழுதித் தர மாட்டீங்களா?”

அவர் கோபமாகப் பேசவில்லை. மீனுக்கு விலை கேட்பவரைப் போல நிதானமாகவே கேட்டார். நான் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். என்ன சொன்னேனென்பது நினைவிலில்லை. சொல்லத்தக்கதாக ஒன்றும் இருந்திராது.

அன்றிரவு அந்தக் கடிதத்தை மறுபடியும் வாசித்தபோதுதான் அதன் பொய்மை எனக்குத் தெரிந்தது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்ட விதிகள், ஐந்து வயது முதல் பதினான்கு வரையுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதைப் பெற்றோரின் கட்டாயக் கடமையாக்கின. 2016இல் அந்த எல்லை பதினாறு வயதாக உயர்ந்தது. சட்டம் ‘அனுப்பியே ஆகவேண்டும்’ என்கின்றது. எங்கள் கடிதமோ ‘நானாகவே விரும்பி அனுப்புகின்றேன்’ என்று அதே பெற்றோரைச் சொல்லவைக்கின்றது. கட்டாயத்தை விருப்பமென்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் கேட்டோம்.

சட்டம் படித்த நண்பரொருவரிடம் பின்னர் இதைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு இரண்டு விடயங்களைச் சொன்னார். முதலாவது, பாடசாலையின் கவனயீனத்தால் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் நட்டஈடு கேட்கும் உரிமை அப்பிள்ளையினுடையது. தகப்பன் ஒரு கையெழுத்தால் அதை விட்டுக்கொடுத்துவிட முடியுமென்று எண்ணுவது பேதைமை. இரண்டாவது, நம் நாட்டில் இத்தகைய வழக்குக்கு அடிப்படை உரோமன்–டச்சுச் சட்டம். கவனயீனத்தை மாத்திரமல்ல, அந்தக் கவனயீனத்தாலேயே தீங்கு நேர்ந்தது என்பதையும் வழக்காளி நிறுவவேண்டும். பிள்ளைக்கு நோய் வகுப்பிலே தொற்றியதா, கடையிலா, தனியார் வகுப்பிலா, கலியாண வீட்டிலா என்று எவர் நிறுவுவார்? ‘ஆகவே உமது கடிதம் வாராத வழக்குக்கு எடுத்த செல்லாத கவசம்’ என்றார் நண்பர். அவருக்கு இப்படிப் பேசுவதிலே ஒரு பிரியம்.

ஆசிரியனுடைய கடமை எவ்வளவு என்பதற்கு ஆங்கில நீதிமன்றங்கள் வகுத்த பழைய அளவுகோல் ஒன்றுண்டு. 1893இல் தீர்ந்த வில்லியம்ஸ் எதிர் ஈடி என்ற வழக்கு அது. பொசுபரசுப் போத்தலொன்றைப் பாடசாலையிலே எட்டும் இடத்தில் வைத்திருந்தார்கள். மாணவர் அதை எடுத்து விளையாட, ஒரு பையன் தீப்பட்டுப் புண்பட்டான். கவனமுள்ள ஒரு தகப்பன் தன் பிள்ளைகள்மீது செலுத்தும் கவனத்தை ஆசிரியர் மாணவர்மீது செலுத்தவேண்டும் என்பது அவ்வழக்கில் கூறப்பட்ட நியமம். நல்ல நியமந்தான். ஆனால் தகப்பனுக்கே என்ன செய்வதென்று தெரியாத காலத்தில் அதை என்ன செய்வது? போத்தலைப் பூட்டி வைக்கலாம். காற்றை எங்கே பூட்டி வைப்பது?

தகப்பன்மாரும் தாய்மாரும் அஞ்சியது நோய்க்கு மாத்திரமல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கொவிட்டால் இறந்தோரின் உடல்களை எரிக்கவே வேண்டுமென்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வெளியாகியிருந்தது. அடக்கம் செய்வதில் தடையில்லை என்பதே உலக சுகாதார தாபனத்தின் நிலைப்பாடு. இருந்தும் விதி மாறவில்லை. 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் கொழும்பிலே பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. எங்கள் ஊரிலே அச்செய்தி நுழையாத வீடு இல்லை. ‘வருத்தம் வந்தா மௌத்தாகிறதப் பத்திப் பயமில்ல சேர், அதுக்குப் பிறகு நடக்கிறதத்தான்…’ என்று ஒரு தாய் வாக்கியத்தை முடிக்காமலே விட்டுச் சென்றார். இப்படியிருக்கும்போது இருமலை மறைப்பவர் பெருகுவர். பரிசோதனைக்கு வர அஞ்சுவர். பிள்ளையை அனுப்பவும் அஞ்சுவர். ‘ஏன் உங்கள் பிள்ளை வரவில்லை?’ என்ற எங்கள் கேள்விக்கு அந்த வீடுகளிலிருந்த விடையை எழுத இடாப்பிலே இடமில்லை. அவ்விதி 2021 பெப்ரவரி இறுதியில் தளர்ந்தது. மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. எங்கள் பிள்ளைகள் அப்போது பரீட்சை மண்டபத்திலே இருந்தார்கள். அரசாங்கம் 2024 ஜூலையில் அதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அச்சத்தினால் பிள்ளையை வீட்டிலே வைத்துக்கொள்வது எங்கள் கரைக்குப் புதிதுமல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை விடுமுறை. அன்று வகுப்பு நடந்திருந்தால் என்ற எண்ணத்தை அடுத்த சில ஆண்டுகள் எங்கள் தாய்மார் மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை. கடற்கரையை அண்டிய பாடசாலையில் காற்று சற்றுப் பலமாக இரைந்தாலே வாசலில் உம்மாமார் வந்து நிற்பார்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து, அவ்வாரமே சாய்ந்தமருதிலும் வெடியோசை கேட்டபின், மே 6ஆந் திகதி மேல்வகுப்புகள் திறக்கப்பட்டபோது நாடெங்கும் வகுப்பறைகள் வெறிச்சோடின. அன்று எவரும் பெற்றோரிடம் கடிதம் கேட்கவில்லை. மாறாக, பெற்றோரே முறைவைத்து வாசலில் நின்று புத்தகப் பைகளைச் சோதித்தார்கள். ஆபத்து வெளியிலிருந்து வருமென்று எண்ணியபோது நாங்கள் ஒன்றாக நின்றோம். ஆபத்து ஒவ்வொருவர் மூச்சிலும் இருக்கலாமென்று ஆனபோது ஆளுக்கொரு கடிதத்தின் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

மற்றைய நாடுகள் என்ன செய்தன? இந்திய உள்துறை அமைச்சு 2020 செப்டெம்பர் இறுதியில் வெளியிட்ட நெறிமுறையில், வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அது முற்றிலும் பெற்றோரின் எழுத்துமூல சம்மதத்தைப் பொறுத்தது என்று கூறியது. தமிழ்நாட்டில் நவம்பர் 16இல் பாடசாலைகளைத் திறக்க எண்ணிய அரசு, அதற்கு ஒரு வாரம் முன்னதாக, 9ஆந் திகதி, பாடசாலைகளிலேயே பெற்றோரைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. கேட்டபின் திறக்கும் எண்ணத்தைக் கைவிட்டது. 2021 ஜனவரி 19இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பெற்றோரின் சம்மதக் கடிதத்துடன் தொடங்கின. அதற்கு நேர்மாறாக இங்கிலாந்தில் 2020 செப்டெம்பர் முதல் வருகை மறுபடி கட்டாயமாயிற்று. அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் திரும்பி வந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்கள் நோய்த்தொற்று வழக்குகளிலிருந்து நிறுவனங்களைக் காக்கச் சட்டமே இயற்றின.

இவற்றுள் எனக்குப் பிடித்தது நவம்பர் 9இல் தமிழ்நாட்டில் நடந்த கூட்டந்தான். முடிவு சரியா பிழையா என்பது வேறு விடயம். கேள்வி முதலில் கேட்கப்பட்டது. கையெழுத்து பின்னர் வந்தது. நாங்கள் கையெழுத்தை மாத்திரம் கேட்டோம்.

பிள்ளையை வீட்டிலே வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நாம் ஒரேயடியாக நம்பிவிடுவதற்கும் இல்லை. 1918இல் பெரும் இன்புளுவென்சா பரவியபோது அமெரிக்க நகரங்களிற் பெரும்பாலானவை பாடசாலைகளை மூடின. நியூயோர்க்கும் சிக்காகோவும் மூடவில்லை. நியூயோர்க்கின் சுகாதார ஆணையாளர் கோப்லண்ட், அந்நகரத்து ஏறக்குறைய பத்து இலட்சம் மாணவரிற் பெரும்பகுதியினர் நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்வதை நினைவுபடுத்தினார். காற்றோட்டமில்லாத அவ்வீடுகளைவிடத் தாதியும் வைத்தியரும் நாள்தோறும் வந்து பார்க்கும் பாடசாலை மேலானது என்பது அவர் வாதம். இதை வாசித்தபோது கல்முனைக்குடியின் ஒழுங்கைகளே என் கண்முன் வந்தன. இரண்டு அறையில் எட்டுப்பேர் இருக்கும் வீட்டிலே, ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்து, ‘சூம்’ வகுப்பில் அரைகுறையாய்க் கேட்ட பாடத்தைக் கல்வியென்று நாங்கள் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் கோப்லண்டின் வாதத்தில் ஒரு நிபந்தனை அடங்கியிருந்தது: தாதியும் வைத்தியரும் நாள்தோறும் வருவார்கள் என்பது. எங்களுக்கிருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோ இரவு பகலாய் வீடு வீடாகத் திரிந்து களைத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கடலுக்குப் போகும் அந்த மனிதர் கேட்ட ஜன்னலுக்கு வருகின்றேன். விஞ்ஞானம் கற்பிப்போர் அறியவேண்டிய ஒரு நிகழ்ச்சியுண்டு. 1974இல் நியூயோர்க் மாநிலத்தில் ரொச்செஸ்டருக்கு அருகேயுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து கண்டது. அந்த ஒரு பிள்ளையிடமிருந்து பதினான்கு வகுப்பறைகளில் இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நோய் தொற்றியது. அவர்களிற் பெரும்பாலோர் அப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தவர்களே அல்லர். கட்டடத்தின் காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பிய இயந்திரமே நோயையும் சுமந்து சென்றது. இது ஆராயப்பட்டு 1978இல் வெளியாயிற்று. இன்னும் பின்னே போனால், 1904இல் பேர்லினுக்கு அருகே சார்லொட்டன்பேர்க்கில் நலிந்த பிள்ளைகளுக்காக மரங்களிடையே திறந்தவெளிப் பாடசாலை தொடங்கினார்கள். 1908இல் அமெரிக்காவின் புரொவிடன்ஸ் நகரில் கூதிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகளைக் கம்பளிப் பைகளுக்குள் இருத்திப் பாடம் நடத்தினார்கள். அஞ்சியது சயரோகத்துக்கு. உறைபனியில் அவர்கள் திறந்த ஜன்னலை, வருடம் முழுவதும் கடற்காற்று வீசும் கல்முனையில் நாங்கள் மூடி வைத்திருந்தோம். கைகழுவும் தொட்டிக்கும் வெப்பமானிக்கும் ஓடியோடிப் பணம் சேர்த்தோம். எங்கள் மேல்மாடி வகுப்புகளின் கிழக்குப் பக்க ஜன்னல்கள், மழைச்சாரல் அடிக்கின்றதென்று எந்தக் காலத்திலோ பலகை வைத்து ஆணியடிக்கப்பட்டிருந்தன. அவற்றை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மனிதர் மூன்றாம் நாள் ஒரு சுத்தியலும் ஆணி பிடுங்கும் இரும்புமாக வந்தார். இன்னும் இரண்டு பேர் கூட வந்தார்கள். அதிபரிடம் அனுமதி கேட்டு, பின்னேரத்துக்குள் ஒன்பது ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவருடைய மகள் வகுப்புக்கு வந்தாள். அவர் கடிதத்தில் கையெழுத்திடவே இல்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அவள் கிணற்றடியில் குளித்துவிட்டே உள்ளே போவாளென்றும், பரீட்சை முடியும்வரை மூத்தம்மாவின் அறைக்குள் நுழைவதில்லையென்றும் பின்னர் அறிந்தேன். ‘பெற்றோரின் தெரிவு’ என்று அறிக்கைகளில் நாம் எழுதும் சொல்லுக்கு வீட்டுக்குள்ளே இருந்த பொருள் அது. ஒரு பிள்ளையின் பரீட்சையும் ஒரு கிழவியின் மூச்சும் ஒரே கூரையின் கீழே இருந்தன.

ஆசிரியர்களும் ஒரு வீட்டின் மனிதர்களே என்பதைப் பலர் மறந்தார்கள். இதயநோயுள்ள ஆசிரியை ஒருவர் கடைசி வரியில் எவரும் இராதபடி மேசையைப் பின்னே தள்ளி வைத்துக் கற்பித்தார். அவரிடம் எவரும் கடிதம் கேட்கவில்லை. அவருக்கு எவரும் கடிதம் கொடுக்கவுமில்லை. அதே ஆண்டு நடுவில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகியபோது ஊரிலெழுந்த பேச்சுக்களை இங்கே எழுதப் போவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.

இனி, எழுதத் தயங்கி இறுதிக்கு ஒத்திவைத்த விடயம்.

பாடசாலை திறந்த இரண்டாம் வாரம் எட்டாந் தரத்துப் பெற்றோர் பதினொருவர் கையொப்பமிட்ட மகஜர் ஒன்று வந்தது. அவ்வகுப்பிலே ஒரு தாதியின் மகன் படித்தான். தாய் கொவிட் நோயாளரைப் பராமரிக்கும் வைத்தியசாலையில் வேலை செய்கின்றார்; ஆகவே அப்பையனைச் சில காலம் வகுப்பிலே சேர்க்கக் கூடாது, சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். பதினொரு பேரும் எனக்கு நன்கு தெரிந்தவர்கள். கெட்டவர்கள் அல்லர். அவர்களுள் இருவருடைய உறவினர் அந்தத் தாதியின் கையாலேயே பராமரிக்கப்பட்டிருந்தார்கள்.

தங்கள் பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்பது ஒரு கேள்வி. பிறருடைய பிள்ளையை நிறுத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பது கேள்வியே அல்ல. பையனுக்கு நோயுமில்லை; நோயாளியோடு தொடர்புற்றவனென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அறிவிக்கவுமில்லை. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒருவரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் உரிய அதிகாரிக்கே உண்டு. பதினொரு பெற்றோருக்கோ ஒரு பிரதி அதிபருக்கோ இல்லை. இதெல்லாம் அன்றும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தாதியைத் தொலைபேசியில் அழைத்து, “மகள், இரண்டு கிழமைக்கு மகனை வீட்டிலே வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது” என்றேன். எவ்வளவு மென்மையாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அது கேவலமாக இருந்தது. மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, “சரி சேர்” என்றார்.

பத்து நாட்கள் அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்ற குறி விழுந்தது. வகுப்பாசிரியர் விடுப்பிலிருந்த நான்கு நாட்கள் அதை நானே இட்டேன். வராதபடி செய்தவனும் நான். வரவில்லையென்று எழுதியவனும் நான். அந்த நான்கு குறிகளை மாத்திரம் பென்சிலால் இட்டேன். ஏனென்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னர் வகுப்பாசிரியர் வழக்கம்போல் அவற்றின் மீது மையால் எழுதிவிட்டார்.

மார்ச் முதலாந் திகதி பரீட்சை தொடங்கியது. நாடெங்கும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு விண்ணப்பித்திருந்தார்கள். தனிமைப்படுத்தப்பட்டோருக்கெனத் தனி மண்டபங்களும் ஏற்பாடாயின. ஏப்ரல் இறுதியில் மூன்றாவது அலை எழுந்து பாடசாலைகள் மறுபடி மூடின. சிறு பிள்ளைகளின் வகுப்புகள் ஒக்டோபரிலும் ஏனையவை நவம்பரிலுமாகத்தான் மீண்டும் திறந்தன. திறந்தபோது மேல்வகுப்பு ஆண்பிள்ளைகள் சிலர் திரும்பவில்லை. ஒருவன் பஜாரிலே கைத்தொலைபேசிக் கடையில் நின்றான். இருவர் தோணிக்குப் போனார்கள். அவர்களுடைய பெயர்கள் சில மாதங்கள் இடாப்பிலிருந்து, பின்னர் ஒரு சிவப்புக் கோட்டோடு நின்றன. எங்கள் கடிதம் காப்பாற்ற எண்ணிய பாதிப்புக்களில் இது சேர்ந்திருக்கவில்லை.

2022இல் நான் ஓய்வுபெற்றேன். எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடிக்கிடந்த அந்த ஜூலை மாதத்தில் ஒருநாள் மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தாதியின் வீட்டுக்குப் போனேன். இரவுப் பணிக்குப் புறப்படும் ஆயத்தத்தில் இருந்தார். தேநீர் வந்தது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன், சுற்றி வளைக்கவில்லை. அவர் சீருடையின் மடிப்பைச் சரிசெய்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தப் பத்து நாளும் அவன் என்னோட கதைக்கல்ல சேர்” என்றார். “நீங்க இந்த வேலைய விடுங்கெண்டு மட்டும் ஒருக்கா சொன்னான்.”

எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார்.

“இப்ப ஒன்பதாம் வகுப்பு. கணக்குத்தான் பிடிபடுதில்ல. எட்டாம் வகுப்புக் கணக்கு ஒண்டுமே படிக்கல்லத்தானே. உங்களுக்கு நேரமிருக்கா?”

அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு அவன் வந்தான். என் வீட்டு முன்விறாந்தையில் ஒரு பழைய மேசை கிடந்தது. முகத்தை உயர்த்தாமலே கொப்பியை விரித்தான். அட்சரகணிதத்தில் அடைப்பு நீக்குவதிலிருந்து தொடங்கினோம்.